டொனேஷனா? நன்கொடையா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவை நோட்டீஸ் ஒட்டிய அன்றே பெயர் கொடுத்துவிட்டேன். "என்னலே எழுதப் போறே? ரோபோவா, சோலாரா?" என்று கேட்டான் பக்கத்து பெஞ்ச் நண்பன். "நர்ஸ் படிப்பைப் பத்தி" என்றேன். வகுப்பே சிரித்தது. மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் படிக்கிறவனுக்கும் நர்ஸ் படிப்புக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. கடைசிவரை படித்துப் பாருங்கள். அதன் பிறகும் சிரிப்பு வந்தால் கேண்டீனுக்கு வாருங்கள். டீ என் செலவு.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். டொனேஷன்! அகராதியைப் புரட்டினால் 'நன்கொடை' என்று போட்டிருக்கும். ஆனால் நம் ஊர்ப் பக்கம் அந்தச் சொல்லை எப்படிப் பேசுகிறோம்? "மகள எங்க சேர்த்திருக்கீக?" என்று ஒருவர் கேட்பார். பதில் வந்ததும் அடுத்த கேள்வி, "டொனேஷன் எம்புட்டுக் கேட்டாக?" என்பதுதான். மனசாரக் கொடுப்பது நன்கொடை. கழுத்தில் துண்டைப் போட்டு வாங்குவது டொனேஷன். ஒரே பொருள் கொண்ட இரண்டு சொற்கள் இப்படி எதிரும் புதிருமாக நிற்பதை வேறு எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

நம் பக்கம் 'கொடை' என்றால் சாமி கொடை. வருஷத்துக்கு ஒரு தடவை அம்மன் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். இருக்கிறவனும் கொடுப்பான், இல்லாதவனும் கடன் வாங்கியாவது கொடுப்பான். கொடை முடிந்ததும் ஊரைக் கூட்டி, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று கணக்கு வாசிப்பார்கள். அந்தக் கணக்கு நோட்டுதான் நான் சொல்ல வந்த விஷயத்தின் திறவுகோல். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அப்பாவின் கால்

எங்கள் ஊர் கோவில்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். வானம் பார்த்த கரிசல் பூமி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் உளுந்து, பாசி, பருத்தி, மக்காச்சோளம். மழை பொய்த்தால் அம்மாவின் தீப்பெட்டி ஆபீஸ் சம்பளம் மட்டும்தான். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மா கைநாட்டு. எங்கள் வம்சத்திலேயே பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் இதே கதைதானே!

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பருத்தி மார் பிடுங்கிய புஞ்சையில் அப்பா வெறுங்காலோடு நடந்திருக்கிறார். கட்டை குத்தியிருக்கிறது. குத்தியது அவருக்கே தெரியவில்லை. வீட்டுத் தரையில் ரத்தத் தடத்தைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டபோதுதான் காலைத் தூக்கிப் பார்த்தார். மஞ்சளை அரைத்துப் பற்றுப் போட்டார்கள். ஒரு வாரத்தில் கால் வீங்கி, காய்ச்சல் வந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கேதான் சர்க்கரை வியாதி இருப்பதே தெரிந்தது. ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். "கால் தப்பிச்சதே பெருசு" என்றார் டாக்டர்.

அந்தக் காலைத் தப்ப வைத்தது யார்? அறுவை சிகிச்சை செய்தது டாக்டர். அதற்குக் கோடிக் கும்பிடு. ஆனால் அதன் பிறகு 19 நாள் காலையும் மாலையும் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டது ஒரு சிஸ்டர். அப்பா அவரைத் 'தாயி' என்றுதான் கூப்பிடுவார். வயதில் எனக்கு அக்கா மாதிரி இருப்பார்.

ஒருநாள் அந்தச் சிஸ்டர் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்து வந்தார். "அண்ணாச்சி, கண்ண மூடிக்கோங்க. கால்ல தொடுவேன். தொட்டா சொல்லுங்க" என்றார். அப்பா கண்ணை மூடினார். நல்ல காலில்தான் தொட்டார். பெருவிரல் அடியில் ஒன்று, பாதத்தில் இரண்டு மூன்று இடம். அப்பா வாயே திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் தொடலையா தாயி?" என்று கேட்டார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

நண்பர்களே, அந்த இழை நம் பாடம்தான்! ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் ஒரு தூண் எவ்வளவு பாரம் வைத்தால் வளையும் என்று கணக்குப் போடுகிறோமே, அதேதான். அந்த நைலான் இழையைச் செங்குத்தாக வைத்து அழுத்தினால் சரியாக 10 கிராம் பாரத்தில் வளைந்துவிடும். யார் கையால் அழுத்தினாலும் கிட்டத்தட்ட அதே பாரம்தான் பாதத்தில் இறங்கும். அந்த 10 கிராமைக்கூட உணராத பாதம் ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தம். முள் குத்தினாலும் தெரியாது, சுடுதண்ணீர் பட்டாலும் தெரியாது.

வீட்டுக்கு அனுப்பும்போது சிஸ்டர் சொன்னது இவ்வளவுதான். தினமும் ராத்திரி ஒரு முகக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். பார்வை மங்கினால் பிள்ளைகள் பார்த்துச் சொல்ல வேண்டும். செருப்பு இல்லாமல் வாசல்கூடத் தாண்டக் கூடாது. செருப்பைப் போடுமுன் உள்ளே கையை விட்டுப் பார்க்க வேண்டும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கண்ணாடிப் பூசைதான். இந்த இரண்டு வருஷத்தில் மூன்று தடவை சின்னக் காயத்தை முதல் நாளே பிடித்துவிட்டோம். கால் பிழைத்தது, அப்பா பிழைத்தார், நான் படிப்பை விடாமல் இருக்கிறேன்.

அந்தக் கண்ணாடி எங்கிருந்து வந்தது?

இதையெல்லாம் சோற்று வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் என் தங்கச்சி. "இதெல்லாம் எங்கக்கா படிச்சீங்க?" என்று சிஸ்டரிடம் கேட்டாள். அன்றே முடிவு செய்துவிட்டாள், நர்ஸ் ஆக வேண்டும் என்று.

சிஸ்டர் அவருடைய காலேஜில் படித்திருக்கிறார். அந்தக் காலேஜ் புத்தகத்துக்கு அது எங்கிருந்து வந்தது? நான் தேடிப் பார்த்தபோது ஒரு பாதை நம் தமிழ்நாட்டு வேலூருக்கே போனது. 1946இல் பால் பிராண்ட் என்ற டாக்டர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் தானாக அழுகி விழும் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. பிராண்டும் அவரோடு வேலை செய்தவர்களும் நோயாளிகளின் கையையும் காலையும் நாள்தோறும் கவனித்துப் பார்த்தார்கள். விரல்களைத் தின்றது வியாதி மட்டும் அல்ல. வலி தெரியாததால் கவனிக்காமல் விட்ட காயங்களே பெரும் காரணம் என்று கண்டார்கள். பாதத்தைத் தினமும் பார், மெத்தென்ற செருப்புப் போடு என்ற பாடம் அங்கே வளர்ந்தது. பிராண்ட் பிறகு அமெரிக்கா போனபோது, அதே பாடம் சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் உதவியது. இன்று அந்த வேலை பெரும்பாலும் நர்ஸ்களின் கையில் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கண்ணாடிக்கும் வேலூருக்கும் இப்படி ஒரு சொந்தம்!

சரி, வேலூர் எப்படி வந்தது? அங்கேதான் நம்முடைய இரண்டாவது சொல் வருகிறது. நன்கொடை!

ஐடா ஸ்கடர் என்ற பெண், மிஷனரி டாக்டரின் மகள். அவர் டாக்டருக்குப் படிக்காத காலத்தில், ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிமாருக்கு உதவக் கூப்பிட்டார்கள். "எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாவை அனுப்புகிறேன்" என்றார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூன்று பேருமே திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த ராத்திரிதான் அவரை டாக்டருக்குப் படிக்க அனுப்பியது. படித்து முடித்து 1900இல் வேலூர் திரும்பினார். ஷெல் என்ற நியூயார்க் வங்கிக்காரர், இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்திருந்தார். அந்தப் பணத்தில் 1902இல் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி எழும்பியது. 1909இல் நர்ஸ் பள்ளி. 1946இல் பட்டப்படிப்பு நர்சிங் கல்லூரி. இந்தியாவில் நர்ஸ் படிப்பு பல்கலைக்கழகப் பட்டமானது அந்த வருஷம்தான். டெல்லியிலும் வேலூரிலும்.

1920களில் ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக அமெரிக்கப் பெண்கள் பணம் திரட்டினார்கள். அதில் வேலூரும் ஒன்று. "நீங்கள் 20 லட்சம் டாலர் சேர்த்தால் நாங்கள் 10 லட்சம் தருகிறோம்" என்றது ராக்பெல்லர் குடும்பத்தின் நிதி. வீடு வீடாக, கூட்டம் கூட்டமாகச் சேர்த்து அந்தப் பெண்கள் ஜெயித்துக் காட்டினார்கள். கோடீஸ்வரனின் பணம் மட்டும் அல்ல, அடுப்படியில் மிச்சம் பிடித்த பணமும் அதில் இருந்தது.

இன்னும் பின்னால் போங்கள். 1855, கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் லண்டனில் ஒரு நிதி தொடங்கினார்கள். சிப்பாய்கள் தங்கள் ஒரு நாள் சம்பளத்தை அதற்குக் கொடுத்தார்கள்! தங்கள் புண்ணைக் கழுவியவருக்கு அவர்கள் செலுத்திய நன்றி அது. நைட்டிங்கேல் அதில் தனக்கென்று மாளிகை கட்டிக்கொள்ளவில்லை. 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அங்கே படித்த பெண்களுக்குத் தங்குமிடம், சாப்பாடு, சீருடை எல்லாம் நிதியிலிருந்து. போதாததற்கு வருஷத்துக்கு 10 பவுன் கைச்செலவுக்கும் கொடுத்தார்கள். கவனியுங்கள், படிக்க வந்தவளிடம் வாங்கவில்லை. படிக்க வந்தவளுக்குக் கொடுத்தார்கள்!

தங்கச்சியின் கதை

இப்போது நம் காலத்துக்கு வருவோம். தங்கச்சி இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தாள். நல்ல மார்க்தான். ஆனால் அரசு ஒதுக்கீட்டு நர்சிங் இடத்துக்கு அந்த மார்க் போதவில்லை. பட்டம் நாலு வருஷம், டிப்ளமோ மூன்று வருஷம். இரண்டு பட்டியலிலும் பெயர் வரவில்லை. அப்புறம் ஒரு 'தெரிஞ்ச ஆள்' வந்தார். ஒரு தனியார் கல்லூரியில் சீட் வாங்கித் தருகிறேன் என்றார். அப்பாவும் நானும் போனோம். ஏசி ரூம், குளிர்ந்த தண்ணீர், மரியாதை எல்லாம் அமர்க்களம். கட்டணம் தனி. அதற்கு மேல் ஒன்றரை லட்சம் டொனேஷன். "ரசீது?" என்று கேட்டேன். அந்த ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி என்ன படிக்கிது?" என்றார்.

நண்பர்களே, இப்படி வாங்குவதைத் தடை செய்து தமிழ்நாட்டில் 1992இலேயே சட்டம் வந்துவிட்டது. கட்டாய நன்கொடைத் தடைச் சட்டம் என்கிறார்கள். நாம் பிறப்பதற்கு முன்னே வந்த சட்டம்! ஆனால் ரசீது இல்லாத பணத்துக்குச் சாட்சி ஏது?

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். "புஞ்சைய அடமானம் வைப்போமாய்யா?" என்றார் அப்பா. தங்கச்சியிடம் போனில் சொன்னேன். "வேண்டாம்ணே. அப்பா காலைக் காப்பாத்துன படிப்ப, அப்பா நிலத்த வித்துப் படிக்க மாட்டேன்" என்றாள். இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது அவள் அம்மாவோடு தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைத்துக்கொண்டிருப்பாள். அடுத்த வருஷம் மறுபடியும் விண்ணப்பம் போடப் போகிறாள்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். கடன் வாங்கி டொனேஷன் கட்டிப் படிக்கிற பெண் நாளைக்கு என்ன செய்வாள்? எங்கே அதிகச் சம்பளமோ அங்கே போவாள். துபாய், லண்டன் என்று விமானம் ஏறுவாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? வட்டி அவளை விரட்டுகிறது. அப்புறம் நம் கரிசல் கிராமத்துக் காலை யார் பார்ப்பது? டொனேஷன் நம் வீட்டுப் பணத்தை மட்டும் கொண்டு போகவில்லை. நமக்கு வர வேண்டிய நர்ஸையும் சேர்த்தே கொண்டு போகிறது.

"இதெல்லாம் கவர்மெண்ட் செய்ய வேண்டிய வேலை. தனியார் எதுக்குக் கொடுக்கணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அரசு நர்சிங் இடங்கள் கூட வேண்டும், காலியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். அதைக் கேட்கிற உரிமையை நாம் விடக் கூடாது. ஆனால் நம் பூமியின் சரித்திரம் வேறு ஒன்றையும் சொல்கிறது.

நம் மண்ணுக்கு இது புதுசா?

பக்கத்து விருதுநகரைப் பாருங்கள். வியாபாரிகள் விற்ற சரக்குக்கு இவ்வளவு என்று உறவின்முறை மகமை எடுத்து வைத்தார்கள். வீட்டில் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே போட்டார்கள். அந்த மகமையிலும் பிடி அரிசியிலும் பள்ளிக்கூடம் நடந்தது. க்ஷத்ரிய வித்யாசாலா என்ற அந்தப் பள்ளியில்தான் காமராசர் படித்தார்.

நம் எட்டயபுரத்தைப் பாருங்கள். பாரதி மணிமண்டபம் யார் பணம்? கல்கி தன் பத்திரிகையில் வேண்டுகோள் வைத்தார். ஊர் பேர் தெரியாத வாசகர்கள் அனுப்பிய பணத்தில் மண்டபம் எழும்பி, 1947இல் திறந்தார்கள். அதே எட்டயபுரத்தில்தான் 1956இல் காமராசர் பள்ளிக்கூட மதிய உணவைத் தொடங்கினார். ஆரம்பத்தில் அது ஊர்மக்கள் கொடுத்த அரிசியிலும் காசிலும் நடந்தது. பிறகுதான் அரசு அதைத் தன் செலவாக எடுத்துக்கொண்டது. ஊர் முன்னால் நடந்தது, அரசு பின்னால் வந்தது. ஆக, நாம் கொடுப்பதால் அரசின் கடமை குறையாது. அரசுக்கு வழி காட்டியதாக ஆகும்.

கவிஞனின் மண்டபத்துக்குக் கொடுத்தோம். பிள்ளைகளின் சோற்றுக்குக் கொடுத்தோம். நம் புண்ணைக் கழுவுகிற கைக்கு எப்போது கொடுக்கப் போகிறோம்?

டியூப் லைட் உபயம்

கொடுப்பதிலும் ஒரு வியாதி இருக்கிறது. நம் ஊர்க் கோயில் டியூப் லைட்டைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை 'உபயம்' என்று பேர், அப்பா பேர், தாத்தா பேர், கடைப் பேர் எல்லாம் எழுதியிருக்கும். வெளிச்சம் வர இடம் இருக்காது! நம் கல்லூரிகளிலும் கட்டிடம் கட்டத்தான் கொடுக்கிறார்கள், பளிங்கில் பேர் வெட்டலாமே என்று. பல்கலைக்கழகங்களில் அறக்கட்டளைச் சொற்பொழிவு என்று வைக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் பொன்னாடை, காபி, கைதட்டல். தப்பில்லை. ஆனால் நர்சிங் கல்லூரிக்குப் பளிங்கு வாசலைவிட அவசரமாக வேண்டியவை மூன்று. படிக்கிற பிள்ளைக்குக் கட்டணமும் விடுதியும். சொல்லிக்கொடுக்க நல்ல ஆசிரியர். மூன்றாவது, ஆராய்ச்சி.

"நர்ஸுக்கு எதுக்குலே ஆராய்ச்சி?" என்று நண்பன் கேட்டான். நர்ஸ் என்றால் ஊசி போடுவதும் டாக்டர் சொன்னதைச் செய்வதும்தான் என்று நினைக்கிறோம். நைட்டிங்கேல் கையில் விளக்கு மட்டும் இல்லை, கணக்கு நோட்டும் இருந்தது. போரில் குண்டடி பட்டுச் செத்தவர்களைவிட ஆஸ்பத்திரி அழுக்கினால் வந்த வியாதியில் செத்தவர்கள் அதிகம் என்பதை மாதவாரியாக வண்ணப்படம் போட்டு 1858இல் காட்டினார். நாம் ஷாப்பில் ரிஜெக்ட் ஆன பீஸ்களைக் காரணவாரியாகப் பிரித்துச் சார்ட் போடுகிறோமே, அதே புத்திதான்!

நம் கரிசலில் ஆராய்ச்சிக்கு விஷயமா இல்லை? வெறுங்காலோடு புஞ்சையில் நடக்கும் எத்தனை பேருக்கு, அப்பாவைப் போல, சர்க்கரை இருப்பதே தெரியாது? தீப்பெட்டி ஆபீஸில் குனிந்தே உட்கார்ந்து கட்டை அடுக்குகிற பெண்களின் கழுத்தும் இடுப்பும் என்ன ஆகிறது? கிராமத்துப் பெரியவருக்கு எந்தச் சொல்லில் சொன்னால் மருந்தை நிறுத்தாமல் சாப்பிடுவார்? இதற்குப் பெரிய மெஷின் வேண்டாம். ஒரு நர்ஸ், ஒரு நைலான் இழை, ஒரு நோட்டு, ஊர் ஊராகப் போக பஸ் செலவு. இவ்வளவும் கொடுக்க ஒரு மில்லோ, ஒரு தீப்பெட்டி முதலாளியோ, ஒரு பழைய மாணவரோ மனசு வைத்தால் போதாதா? சென்னையில் 1988இலிருந்து நடக்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் எத்தனையோ நர்சிங் கல்லூரிகள் இருக்கின்றன. கரிசலுக்கென்று ஒரு ஆராய்ச்சி நிதி ஏன் அங்கே இருக்கக் கூடாது?

வெளிநாட்டில் நடக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கு மூர் விதி தெரியும். இன்டெல் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்டன் மூர். அவர் மனைவி பெட்டிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தபோது இன்னொருவருக்குப் போட வேண்டிய ஊசியைப் போட்டுவிட்டார்கள். அந்த வீட்டார் நர்ஸ்களைத் திட்டிவிட்டுப் போகவில்லை. 2007இல் அவர்களுடைய அறக்கட்டளை, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நர்சிங் பள்ளி தொடங்க 10 கோடி டாலர் தந்தது. தப்பு நடந்தால் படிப்பைக் கூட்டு என்பதுதான் அவர்கள் எடுத்த முடிவு. 2022இல் லெனார்ட் லாடர் என்பவர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நர்சிங் பள்ளிக்கு 12.5 கோடி டாலர் கொடுத்தார். எதற்கு? மருத்துவ வசதி குறைந்த பகுதிகளில் வேலை செய்யப் போகும் நர்ஸ்கள் கட்டணமில்லாமல் படிக்க! மருத்துவ வசதி குறைந்த பகுதி என்றால் என்னவென்று கரிசல்காரனுக்கு விளக்க வேண்டுமா?

நாம் என்ன செய்யலாம்?

"நாமளே பஸ் பாஸ்ல வாரோம், நாம எங்க கொடுக்க?" என்பீர்கள். சிப்பாய்கள் மட்டும் பணக்காரர்களா? அவர்கள் கொடுத்தது ஒரு நாள் சம்பளம்.

கணக்குப் போடுவோம். இந்த வருஷம் எல்லாப் பிரிவும் சேர்த்து ஏறத்தாழ 300 பேர் இறுதியாண்டு முடிக்கிறோம். மாதம் 12,000 ரூபாய்க்கு டிரெய்னியாகச் சேர்ந்தாலும் ஒரு நாள் சம்பளம் 400 ரூபாய். 300 பேர் கொடுத்தால் 1,20,000. எல்லோருக்கும் வேலை கிடைக்காது, கிடைத்தவர்களும் எல்லோரும் கொடுக்க மாட்டார்கள். சரி, பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 60,000! நேர்மையான வழியில் சீட் வாங்கிவிட்டு, கட்டணத்துக்கும் விடுதிக்கும் தவிக்கிற ஒரு கரிசல் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய கை!

பேரவைக்கு என் வேண்டுகோள் இதுதான். 'ஒரு நாள் சம்பளம்' என்று ஒரு நிதி தொடங்குவோம். பேரவை விழா பிளக்ஸ் போர்டில் இரண்டைக் குறைத்தால் முதல் வரவு அதுவே. பணத்தை ரசீது தருகிற கல்லூரிக்கு மட்டும் நேராகக் கட்டுவோம். டொனேஷனுக்கு ஒரு பைசா கிடையாது. யார் பெயரும் எந்த டியூப் லைட்டிலும் வேண்டாம். வருஷா வருஷம் இதே மலரில் கோயில் கொடைக் கணக்கு மாதிரி வரவு செலவை அச்சடிப்போம். உதவி பெற்ற பெண்ணிடம் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். விடுமுறையில் வரும்போது தன் ஊர் மந்தையில் பத்து நிமிஷம் நின்று, காலைப் பார்ப்பது எப்படி என்று பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு கண்ணாடி போதும்.

கடைசியாக ஒன்று. "உன் தங்கச்சிக்கு வழி பண்ணத்தானே இத எழுதுறே?" என்று யாராவது மனசுக்குள் கேட்கலாம். கேட்பது தப்பில்லை. அதனால் இங்கேயே அச்சில் சொல்லிவிடுகிறேன். இந்த நிதியின் முதல் உதவி என் தங்கச்சிக்குப் போகக் கூடாது. இந்தக் கட்டுரையை அவளிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"சரிண்ணே" என்றாள். அப்புறம், "ரெண்டாவதா இருக்கலாம்லா?" என்று சிரித்தாள்.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவள்தான் எழுந்து போய்க் கண்ணாடியை எடுத்து வந்தாள். அப்பா காலை நீட்டினார்.

சிந்திப்போம் நண்பர்களே. முதல் சம்பளம் வாங்கும் அன்று மறக்காமல் இருப்போம்!

மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு